டெல்டா கிராமங்களில் சுகாதாரத் தன்னார்வலர் பயிற்சி: யானைக்கால், தொழுநோய், பாம்புக்கடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்தும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்டவர்களில் தன்னார்வலர்கள் உண்டு, ஊராட்சித் தலைவர்கள் உண்டு, தங்கள் ஊரிலும் இப்படி ஒரு பயிற்சி நடத்த நினைக்கும் தொண்டு நிறுவனத்தாரும் உண்டு.

புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என்பவை எவை? நம் பக்கம் எவை இருக்கின்றன?

உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இப்போது 21 நோய்களும் நோய்த் தொகுதிகளும் உள்ளன. பாம்புக்கடியும் சிரங்கும் 2017-ல் சேர்ந்தன. கடைசியாக 2023 டிசம்பரில் நோமா என்ற முகத்தை அரிக்கும் நோய் சேர்ந்தது. இவை பெரும்பாலும் ஏழைகளுக்கு வருபவை. அதனால் ஆராய்ச்சிப் பணமும் அரசின் கவனமும் இந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

டெல்டாவுக்கு நாங்கள் எடுத்துக்கொள்வது யானைக்கால், தொழுநோய், பாம்புக்கடி, சிரங்கு, குடற்புழு, வெறிநாய்க்கடி. டெங்குவும் சிக்குன்குனியாவும் பட்டியலில் இருந்தாலும் அவற்றுக்குத் தனி ஏற்பாடு ஏற்கெனவே நடக்கிறது. மணல் ஈ பரப்பும் காலா அசார் என்ற காய்ச்சல் பீகார் பக்கத்துக் கவலை. வெளியூரில் தயாரித்த கையேட்டை அப்படியே வைத்துப் பாடம் நடத்தினால், இங்கே யாரும் பார்க்கப்போகாத நோய்களிலேயே பாதி நாள் ஓடிவிடும்.

தொழுநோயும் யானைக்காலும் ஒழிந்துவிட்டன என்கிறார்களே? இப்போது எதற்குப் பயிற்சி?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். முழுப் பயிற்சியும் இதற்கான பதிலில்தான் நிற்கிறது.

தொழுநோயைப் பொறுத்தவரை, 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது. எண்ணிக்கை குறைந்தது உண்மை, நோய் போய்விடவில்லை. கிருமி உடலில் புகுந்த பிறகு அடையாளம் வெளியே தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். என்றோ தொற்றியது இன்றைக்குத் தேமலாக வரும்.

யானைக்காலும் அப்படித்தான். ஒரு காலத்தில் கும்பகோணம் என்றாலே கொசுவும் யானைக்காலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வீடு வீடாக டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரைகளைக் கொடுத்துத் தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் பரவலைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பெரிய சாதனை அது. ஆனால் அந்த மாத்திரை பரவலைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே தடித்துப்போன காலை அது பழையபடி ஆக்காது. அந்தக் காலோடு வாழ்கிறவர்கள் இன்னும் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. நோய் குறையக் குறைய அதை அடையாளம் காணத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். தேமலைப் பார்த்ததும் சந்தேகப்படத் தெரிந்த மூத்த பணியாளர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஒரு தொழுநோயாளியைக்கூட நேரில் பார்க்காமலே இளம் டாக்டர் ஒருவர் படிப்பை முடித்து வந்துவிட முடியும். நோய் மிச்சம் இருந்து அதைத் தெரிந்தவர்கள் இல்லாமல் போவதுதான் எனக்குப் பெரிய பயம். வீட்டு வாசல்வரை போகிற ஆளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று விடாமல் சொல்வது இதனால்தான்.

யாருக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள்? எவ்வளவு படித்திருக்க வேண்டும்?

கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், கொசு ஒழிப்புப் பணியாளர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ஆகியோருக்கு. இவர்களில் தன்னார்வலர்தான் முக்கியம் என்பேன். மகளிர் குழுவிலிருந்து வந்தவர், அதே ஊர்க்காரர், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க எப்படியும் அந்த வீட்டுக்குப் போகிறவர். கண் முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பாயியின் காலைக் கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

பதிவேடு எழுதத் தெரிந்தால் படிப்பு போதும். ஊரார் அவரை வீட்டுக்குள் விடுவார்களா என்பதுதான் அதைவிடப் பெரிய தகுதி. காலனித் தெருவுக்குப் போக யோசிக்கிறவரையோ, அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறவரையோ இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. இதில் சமரசம் வேண்டாம்.

முதல் நாள் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்?

நோயின் பெயர்களைச் சொல்வதில்லை. காலையில் எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்பது என்று தொடங்குவோம். மதியமே ஒரு தெருவுக்குப் போய்விடுவோம்.

"உங்களுக்கு யானைக்கால் இருக்கிறதா?" என்று வாசலில் நின்று கேட்டால் எந்த வீட்டிலும் இல்லை என்றுதான் பதில் வரும். கல்யாணம் ஆக வேண்டிய பெண் வீட்டில் இருந்தால் கதவே சாத்தப்படும். "அக்கா, வயலுக்குப் போய் வந்தால் கால் கனக்கிறதா? நெறி கட்டிக் காய்ச்சல் வருமா? வருஷத்துக்கு எத்தனை தடவை வருகிறது?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். திண்ணையில் கேட்க வேண்டியது எது, உள்ளே போய்த் தனியாகக் கேட்க வேண்டியது எது என்று பிரித்துப் பழக்குகிறோம். பக்கத்து வீட்டார் நிற்கும்போது எதையும் எழுதக் கூடாது.

தொழுநோய்த் தேமலை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிவந்த அல்லது நிறம் வெளுத்த தேமல், அதில் உணர்ச்சி இருக்காது. அரிப்பும் வலியும் இல்லாததால்தான் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. முதுகு, பிட்டம், தொடை என்று துணி மறைக்கும் இடங்களில் வந்தால் நோயாளிக்கே தெரியாது. அதனால் பெண்களைப் பெண் பணியாளரும் ஆண்களை ஆண் பணியாளரும் வெளிச்சமான, மறைவான இடத்தில் முழு உடம்பும் பார்க்க வேண்டும்.

சோதனை எளிது. என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்ட வேண்டும். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, பந்துமுனைப் பேனாவின் நுனியால் தேமலில் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். "தெரிகிறதா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். கூடவே சுண்டுவிரலுக்கு வலு இருக்கிறதா, கண்ணிமை முழுசாக மூடுகிறதா, உள்ளங்கால் மரத்துப்போய் ஆறாத புண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தேமலே இல்லாமல் காது மடலும் முகமும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கித் தடிப்பதும் ஓர் அடையாளம். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சந்தேகம் வந்தால் நோயின் பெயரை வீட்டில் சொல்லலாமா?

வேண்டாம். "இந்தத் தேமலை டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும், நானும் கூட வருகிறேன்" என்பது போதும். நோய் என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

உறுதியான பிறகு தன்னார்வலருக்கு வேலை கூடும். கூட்டு மருந்து சிகிச்சை இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து தொடங்கியதும் சிறுநீர் சிவப்பாகப் போகும், சிலருக்குத் தோல் கறுக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சிகிச்சை நடக்கும்போதே திடீரென்று தேமல் சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, கையில் வலு குறைந்தாலோ அன்றைக்கே அனுப்ப வேண்டும். தாமதித்தால் விரல்கள் மடங்கிப்போகலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களாகவே முடிவு செய்து நிறுத்துவதும் இந்த நேரத்தில்தான். கூட்டு மருந்தைத் தொடர வேண்டும், அதற்கு மேல் வேறு மருந்து டாக்டர் கொடுப்பார்.

வீட்டாரையும் நெருங்கிப் பழகுகிறவர்களையும் பரிசோதித்த பிறகு, நோய் வராமல் தடுக்க ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் மருந்து கொடுக்கும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. மருந்து தொடங்கிய சிறிது நாளிலேயே நோயாளியிடமிருந்து பரவுவது நின்றுவிடும். தட்டைத் தனியாக வைக்க வேண்டியதில்லை, குழந்தையைத் தூக்கக் கூடாது என்பதும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்தால் தெரு முழுக்கச் செய்தி போய்ச் சேரும்.

யானைக்கால் உள்ளவர்களுக்குத் தன்னார்வலர் என்ன செய்ய முடியும்? அதுதான் குணமாகாதே?

நிறையச் செய்யலாம். இந்தப் பயிற்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

யானைக்கால்காரரைப் படுக்க வைப்பது வீக்கத்தைவிட, அடிக்கடி வரும் குளிர்காய்ச்சல்தான். கால் சிவந்து கொதிக்கும், நெறி கட்டும், பல நாள் எழுந்திருக்க முடியாது. ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் கால் இன்னும் கொஞ்சம் தடிக்கும். இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் விரலிடுக்கு வழியாகப் புகும் சாதாரண பாக்டீரியா. நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறவர்களுக்குச் சேற்றுப்புண் இல்லாத கால் ஏது? அந்தப் புண்தான் வாசல். அதை அடைத்தால் காய்ச்சல் குறையும். காய்ச்சல் குறைந்தால் கால் மேலும் தடிக்காது, வேலைக்கும் போகலாம்.

அடைக்கும் வழிக்குச் செலவே இல்லை. தினமும் சாதாரணத் தண்ணீரும் குளியல் சோப்பும் வைத்து மடிப்பு, விரலிடுக்கு எல்லாம் விரலை விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை ஊற்ற வேண்டும். தேய்க்காமல் மெல்லிய பழந்துணியால் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் கழுவியதற்கே பயனில்லை. வெடிப்பும் புண்ணும் இருந்தால் டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவ வேண்டும். உட்காரும்போது காலை நீட்டி உயர வைத்து, நேரம் கிடைக்கும்போதெல்லாம் குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். காய்ச்சல் வந்திருக்கும்போது மட்டும் பயிற்சி கூடாது. நீவிவிடவும் கூடாது.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வயதானவர்களால் குனிந்து தங்கள் விரலிடுக்கை எட்ட முடியாது. வீட்டில் ஒருவர் உதவ வேண்டும், அவரோ தொட அஞ்சுவார். அதனால் பயிற்சியில் நோயாளி ஒருவரின் சம்மதத்தோடு, ஒவ்வொரு தன்னார்வலரும் தன் கையாலேயே அந்தக் காலை ஒருமுறை கழுவித் துடைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அதற்கு முன் ஒதுங்கி நின்றவர்கள்கூட அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். படக்காட்சி எவ்வளவு போட்டாலும் இது வராது.

முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு அரசின் மாத உதவித்தொகை உண்டு. சான்றிதழ் வாங்க அலைய முடியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தை நிரப்பத் தெரிவதும் பயிற்சியில் அடங்கும்.

ஆண்களின் விரைவீக்கமும் இதில் சேருமா?

சேரும். அதுவும் யானைக்காலை உண்டாக்கும் அதே புழுவால் வரலாம். கால் வீக்கம் போலல்லாமல் இதை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும், அரசு மருத்துவமனையில் இலவசம். தன்னார்வலர்கள் பெண்கள் என்பதால் ஆண்கள் வாய் திறக்க மாட்டார்கள். சுகாதார ஆய்வாளரையோ கொசு ஒழிப்புப் பணியாளரையோ வைத்து, டீக்கடைப் பக்கமும் களத்துமேட்டிலும்தான் பேச்செடுக்க வேண்டும்.

யானைக்காலுக்கு ஏன் ராத்திரியில் ரத்தம் எடுக்கிறார்கள்?

நுண்புழுக்கள் இரவு 10 மணிக்கு மேல்தான் வெளி ரத்தத்துக்கு அதிகமாக வருகின்றன. இதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். சாக்கடையும் செப்டிக் டேங்கும் அதன் பிறப்பிடம். செப்டிக் டேங்க் குழாயின் வாயில் வலை கட்டச் சொல்வது தன்னார்வலரின் வேலைகளில் ஒன்று. பகலிலும் செய்யக்கூடிய பரிசோதனை அட்டை இப்போது வந்துவிட்டது. ஆனாலும் ராத்திரி ஊசியோடு கதவைத் தட்டும் குழு வருமுன்பே ஊருக்குச் சொல்லிவைக்க, அந்த ஊர் ஆளால்தான் முடியும்.

பாம்புக்கடியை ஏன் நோய்ப் பட்டியலில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பாம்பு. டெல்டாவில் இதைத் தவிர்க்க முடியாது. 2024 மார்ச்சில் மத்திய அரசு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. 2030-க்குள் சாவைப் பாதியாக்குவது அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

தன்னார்வலருக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையில் அல்லது காலில் உள்ள மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியை வீங்குமுன் கழற்ற வேண்டும். எலும்பு முறிந்தால் சட்டம் வைத்துக் கட்டுவோமே, அதுபோல் இறுக்காமல் அசையாமல் வைக்க வேண்டும். நடக்கவிடக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும், வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவே உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பாம்பைத் தேடி அடிப்பதில் நேரம் போக்க வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

கட்டுவிரியனைப் பற்றி மட்டும் தனியாக ஒரு மணி நேரம் எடுக்கிறோம். தரையில் படுத்துத் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, அப்புறம் இமை தொங்கும், பேச்சு குழறும். வீட்டில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். "ராத்திரி தரையில் படுத்தாரா, இமை தொங்குகிறதா?" என்ற இரண்டு கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் இருந்தால் ஓர் உயிர் தப்பும். கட்டிலும், நான்கு பக்கமும் பாய்க்கடியில் செருகிய கொசுவலையும் கட்டுவிரியனைத் தடுக்கும். அதே வலை யானைக்கால் கொசுவையும் தடுக்கும்.

எந்த மருத்துவமனையில் ராத்திரியிலும் டாக்டரும் மருந்தும் இருப்பார்கள் என்று பயிற்சியின்போதே விசாரித்து, ஒவ்வொருவரும் தன் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கடித்த பிறகு விசாரிக்க நேரம் இருக்காது.

ஊரில் விஷக்கடிக்கு மந்திரிக்கிறவர் இருக்கிறார். அவரை எதிர்த்துப் பேச வேண்டுமா?

எதிர்த்தால் ஊர் அவர் பக்கம்தான் நிற்கும். அவரைப் பயிற்சிக்கே கூப்பிடுங்கள். மந்திரிப்பதை வண்டியில் போகும்போது மந்திரிக்கட்டும். முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டால், அதைவிடப் பெரிய உதவி இல்லை. விஷமில்லாத பாம்பு கடித்தவர்களும், கடித்தும் விஷம் இறங்காதவர்களும்தான் பச்சிலையில் பிழைத்தவர்கள் என்பதைத் தன்னார்வலர்களுக்கு மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

சிரங்கு, குடற்புழு, நாய்க்கடி?

சிரங்குக்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். அரிப்பு இல்லாதவர்களும் பூச வேண்டும். குழந்தைக்கு மட்டும் பூசினால் மறுபடி வரும்.

குடற்புழுவுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரி 10-ஐ ஒட்டி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைத் தேடிப்பிடிப்பதுதான் தன்னார்வலரின் பங்கு.

நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. தடுப்பூசித் தவணை எதையும் விடக் கூடாது. ரத்தம் வரும் கடிக்குக் கூடுதலாக, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்கச் சொல்லிக்கொடுங்கள்.

எலிக்காய்ச்சல் இந்தப் பட்டியலில் இல்லையே?

உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இல்லை. எங்கள் பயிற்சியில் உண்டு. வயல் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலியும் கண் சிவப்பும் வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

பயிற்சியை எந்த மாதத்தில் வைப்பது? எத்தனை நாள்?

தன்னார்வலர்களில் பலர் தாங்களும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். நடவு நேரத்தில் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போகும். சம்பா, தாளடி அறுவடை முடிந்த மாசி, பங்குனிதான் முழுப் பயிற்சிக்குச் சரியான காலம். மூன்று நாள் தொடர்ந்து, அப்புறம் மாதம் ஒரு அரை நாள் தெருவில். மூன்று நாளோடு முடித்துவிட்டால் அடுத்த பொங்கலுக்குள் எல்லாம் மறந்துவிடும்.

மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்குமுன் பாம்புக்கடியையும், ஐப்பசி மழைக்கு முன் சேற்றுப்புண்ணையும் எலிக்காய்ச்சலையும், தொழுநோய் எதிர்ப்பு நாளான ஜனவரி 30-க்கு முன் தேமலையும் மறுபடி ஒருமுறை சொல்லிவிட வேண்டும். பயிற்சி நாளுக்குப் படியும் பஸ் கட்டணமும் கட்டாயம் கொடுக்க வேண்டும். சேவைதானே என்று சொல்லி ஏழைப் பெண்களின் நாளை இலவசமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

தன்னார்வலர் அனுப்பும் ஆட்களை "ஒன்றுமில்லை, வெறும் தேமல்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்களே?

இப்படி இரண்டு தடவை நடந்தால் மூன்றாவது ஆளை அவர் அனுப்ப மாட்டார். ஊரிலும் அவர் பேச்சு எடுபடாது. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், செவிலியர், மருந்தாளுநர் மூவரையும் ஒரு நாளாவது அதே பயிற்சியில் உட்கார வைக்காமல் நாங்கள் தொடங்குவதில்லை. அனுப்பும் சீட்டில் பார்த்தது என்ன, எந்த இடத்தில், உணர்ச்சி இருந்ததா என்று எழுதியிருக்க வேண்டும். டாக்டர் தன் முடிவை அதே சீட்டின் கீழ்ப்பாதியில் எழுதித் திருப்பித் தர வேண்டும். நோய் இல்லை என்றாலும் ஏன் இல்லை என்று இரண்டு வரி எழுதினால் தன்னார்வலர் அடுத்த முறை இன்னும் கூர்மையாகப் பார்ப்பார்.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசி நாள் எழுத்துத் தேர்வு வேண்டாம். ஓர் ஆண்டு கழித்துப் பாருங்கள். புதிதாகக் கண்டுபிடித்த தொழுநோயாளிகளில் எத்தனை பேர் கை, கால், கண் ஊனமான பிறகு வந்தார்கள்? தாமதமாகக் கண்டுபிடிக்கிறோமா என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடும். யானைக்கால்காரருக்குக் காய்ச்சல் வருஷத்துக்கு எத்தனை முறை வந்தது, முன்பு எத்தனை முறை? பாம்பு கடித்தவர் எத்தனை மணி நேரத்தில் ஊசி போடும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்? புதிய நோயாளிகளின் எண்ணிக்கை முதல் ஆண்டில் கூடினால் பயப்பட வேண்டாம். ஒளிந்திருந்தவர்கள் வெளியே வருகிறார்கள் என்று மேலதிகாரிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டச் சொல்லித் தன்னார்வலர் மேல்தான் நெருக்கடி வரும்.

எங்கள் ஊரில் தொடங்க யாரைப் பார்க்க வேண்டும்?

உங்கள் வட்டார மருத்துவ அலுவலரையும், அவர் மூலமாக மாவட்டத்தில் தொழுநோய்ப் பிரிவு துணை இயக்குநர் அலுவலகத்தையும். போகும்போது ஊராட்சித் தலைவரையும் மகளிர் குழுவிலிருந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தெருவாரியாகத் தடித்த கால், ஆறாத புண், மடங்கிய விரல் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் எழுதிக் கொண்டுபோனால் பேச்சு சீக்கிரம் முடியும். கேட்க வேண்டியவை மூன்று: பயிற்சிக்கு ஒரு டாக்டர், அனுப்பும் சீட்டு அச்சிட்டுத் தருவது, பயிற்சி நாளுக்கான படி.